பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் முகாம்: மூன்று மாதம் கழித்தும் கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டுமானால்

பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்குப் பாத்திரக்கடை. எங்கள் ஊர் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) 1991இல் சேர்ந்தேன். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்று முதல் வருடமே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பொறுப்போடு ஒரு தகரப்பெட்டியும் வீட்டுக்கு வந்தது. சங்கம் தொடங்கிய 1974ஆம் வருடத்திலிருந்து நடந்த எல்லா முகாம்களின் நோட்டுகளும் அதற்குள் இருந்தன.

நீங்கள் இந்த வருடம் பள்ளியில் கண் முகாம் நடத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பழைய செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். எங்கள் முதல் நோட்டில் சாசனத் தலைவரின், அதாவது சங்கத்தின் முதல் தலைவரின், கையெழுத்து இருக்கிறது. அவர் பஞ்சாலை மருத்துவர். டார்ச் லைட் அடித்து, வெள்ளை விழியில் நுரை படிந்தது போலத் திட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பெயர் பெயராக 'மாலைக்கண்' என்று எழுதி, பக்கத்திலேயே 'முருங்கைக்கீரை சொல்லியது' என்று குறித்திருக்கிறார். நோட்டுகளைப் புரட்டப் புரட்ட அந்தச் சொல் குறைந்துகொண்டே போகிறது. 1982இல் சத்துணவு வந்தது, வைட்டமின் ஏ திரவமும் குழந்தைகளுக்குக் கிடைத்துவந்தது. எண்பதுகளின் கடைசியில் மாலைக்கண் அநேகமாக மறைந்து, அந்த இடத்துக்குக் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இதைப் படித்த பிறகுதான் எங்கள் முகாமில் எதைப் பார்க்க வேண்டும், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எங்களுக்கே தெளிவானது.

அந்த நோட்டுகளில் ஒரு குறை இருந்தது. பார்த்தவர் எத்தனை பேர், கண்ணாடி கொடுத்தது எத்தனை பேருக்கு என்பதோடு எல்லாப் பக்கமும் முடிந்துவிடும். 2003இல் ஒரு பள்ளியில் 340 பிள்ளைகளைப் பார்த்து 22 பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம். மேடை, சால்வை, செய்தித்தாளில் படம் எல்லாம் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கு அண்டா இறக்கப் போனேன். இறக்கி முடித்ததும் ஆசையாக வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தேன். ஐந்து முகத்தில்தான் கண்ணாடி இருந்தது.

மற்ற 17 பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தனுக்குத் திருகாணி விழுந்து கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. ஒரு பெண்ணின் பாட்டி, 'விலை உயர்ந்த சாமான், நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கலாம்' என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு மூன்று பேரை 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். சிலருக்கு ஃபிரேம் பெரிதாக இருந்து மூக்கில் நிற்கவில்லை. ஒரு பையனுக்குப் போட்டால் தலைவலி, பவரே தவறு. எங்கள் சங்கம் 29 வருடம் செய்த வேலையில் எவ்வளவு இப்படிப் போயிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த 17 காரணங்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட்டேன். இனி நான் சொல்லப் போகும் வழிமுறை முழுவதும் அந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

எந்தப் பள்ளி, எந்த மாதம்

ஆரம்பப் பள்ளிக்குப் போங்கள். சங்கங்கள் உயர்நிலைப் பள்ளியை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பெரிய பிள்ளைகள் சொன்னபடி நிற்பார்கள், ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இருப்பவர்களுக்கு கண்ணைப் பார்த்துக் கண்ணாடி கொடுக்க 2009இல் அரசு தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் சோம்பேறிக் கண். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை வைத்தே காலம் தள்ளும். பிள்ளை புகாரே சொல்லாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். அதற்குப் பிறகு வருடம் போகப் போகக் கடினம். அதனால் ஒன்றாம் வகுப்பை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். இந்த வருடம் அரசு மருத்துவக் குழு வந்ததா, யாருக்காவது கண்ணாடி வரவேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு கண்ணாடி போய், இன்னொரு பிள்ளைக்கு ஒன்றும் போகாமல் நின்றிருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நமக்கு அரிமா ஆண்டு ஜூலையில் பிறக்கிறது. புதுத் தலைவர் பணியேற்றதுமே பெரிதாக ஒன்று செய்ய நினைப்பார். அந்த வேகத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள். ஜூலை கடைசியில் பரிசோதனை, ஆகஸ்டில் மருத்துவமனை, காலாண்டுத் தேர்வுக்கு முன் செப்டம்பர் முதல் வாரத்தில் கண்ணாடி. இதைவிட நல்ல கால அட்டவணை எனக்குத் தெரியவில்லை. மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தால் தயங்காமல் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.

மருத்துவமனையோடு பேசாமல் தேதி குறிக்காதீர்கள்

நாம் செய்வது சல்லடை வேலை. பவர் பார்த்து முடிவு சொல்லவேண்டியவர்கள் படித்தவர்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கூட்டுவேலைக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1976இல் மருத்துவர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊரில் இடம், சாப்பாடு, ஆள் திரட்டல் எல்லாம் உள்ளூர்க்காரர் பொறுப்பு, வைத்தியம் மருத்துவமனை பொறுப்பு என்கிற முறையில் அவர்களுடைய முகாம்கள் வளர்ந்தன. அரிமா, ரோட்டரி சங்கங்கள், கோயில்கள், ஆலைகள் என்று எத்தனையோ பேர் அதில் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையிடம் மூன்று விஷயத்தைத் தீர்மானமாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்ப்பீர்களா? தவறான பவர் என்று தெரிந்தால் மறுபடி பார்த்து லென்ஸ் மாற்றித் தருவீர்களா? அறுவை சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை யார் பொறுப்பேற்பது? முதல் கேள்விக்கு 'தேவையில்லை, கம்ப்யூட்டரில் பார்த்துவிடுவோம்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பிள்ளைகளின் கண் தசைக்கு வலு அதிகம். இயந்திரத்தில் முகம் வைத்ததும் கண்ணை இறுக்கி இல்லாத பவரைக் காட்டும். மருந்து போட்டுத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் தெரியும். நான் மேலே சொன்ன தலைவலிப் பையனுக்கு ஒரு கடையில் மருந்து போடாமல் பார்த்ததுதான் வினை.

பரிசோதனை நாள்

ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியர்களுக்கு மூன்று கேள்வி கொடுத்துவிடுங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிப்பது யார்? கரும்பலகைக்கு முன்னால் எழுந்து வருவது யார்? பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது யார்? மூன்றாவதுதான் அதிகம் பிடித்துக்கொடுக்கும். காப்பியடிக்கிறான் என்று அடிவாங்கிய பிள்ளைகள் அதில் இருப்பார்கள். ஆசிரியர் தரும் பட்டியலோடு நிற்காமல் எல்லாப் பிள்ளையையும் பாருங்கள். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஸ்நெல்லன் பார்வை அட்டைக்கும் பிள்ளையின் குதிகாலுக்கும் நடுவே 6 மீட்டர் இருக்கவேண்டும். அளந்து முடிச்சிட்ட ஒரு கயிற்றை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பள்ளியிலும் டேப்பைத் தேடவேண்டாம். சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். வராந்தாவில் அட்டையின் மேல் வெளிச்சம் விழட்டும், அட்டைக்குப் பின்னால் ஜன்னல் கூடாது. பிள்ளையின் கண் உயரத்துக்கு அட்டையை இறக்கி மாட்டுங்கள். பெரியவர்கள் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் பிள்ளையை அண்ணாந்து பார்க்க வைக்கிற தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது.

எழுத்து அட்டையை விட, ஆங்கில E போன்ற மூன்றுகால் குறி நாலு திசையில் திரும்பி நிற்கும் அட்டை நல்லது. அந்தக் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும், எழுத்து தெரியவேண்டியதில்லை. எழுத்து அட்டை என்றால் வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துவிடுவார்கள். தோற்றுப்போகக் கூடாது என்று நினைக்கிறார்கள், பாவம். 'இது பரீட்சை இல்லை கண்ணு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு' என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு ஒருமுறை அட்டையைச் சுற்றி மாட்டுங்கள்.

ஒரு கண்ணை மறைக்கக் கையை நம்பாதீர்கள், விரலிடுக்கில் பார்ப்பார்கள். நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து உள்ளங்கை அளவு அட்டையாக நறுக்குகிறோம். பிள்ளைக்கு ஒன்று. ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவருக்குப் போகாது. அதே அட்டையின் வெற்றுப் பக்கத்தில் பெயர், வகுப்பு, வலது கண், இடது கண் என்று எழுதிவிடுவோம். சாயங்காலம் அதைப் பார்த்து நோட்டில் ஏற்றலாம். முதலில் வலது கண், அப்புறம் இடது. கண்ணை அழுத்தாமல் மூடவேண்டும், அழுத்தினால் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். எந்தக் கண்ணிலாவது 6/9 வரியை, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரிலிருந்தே படிக்கும் வரியை, சொல்ல முடியாத பிள்ளையை மருத்துவமனைப் பட்டியலில் சேருங்கள்.

எத்தனை வரி படித்தாலும் சரி, மாறுகண் இருந்தால் பட்டியலில் சேருங்கள். 'மாறுகண் அதிர்ஷ்டம்ணே, தொடாதீங்க' என்று என்னிடமே சொன்ன அப்பா உண்டு. அந்த அதிர்ஷ்டத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்க்கொண்டிருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ முகாம் தேதி வரை காத்திருக்கவே கூடாது. கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம். அன்றைக்கே வண்டி பிடியுங்கள். என் அனுபவத்தில் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறோம். இரண்டு முறையும் சங்கக் கூட்டத்தைக் கூட்டாமல் கையிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனோம். கணக்கை அடுத்த மாதம் எழுதினேன்.

மருத்துவமனைக்கு அழைத்துப் போவது

பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ ஒருவர் வரவேண்டும். ஒரு நாள் கூலி போகிறது என்பதை மறக்காதீர்கள். எங்கள் ஊரில் வியாழக்கிழமை சந்தை, அன்று ஒருவரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை வைக்கிறோம். வேனும் மதியச் சாப்பாடும் சங்கத்தின் செலவு.

சொட்டு மருந்து போட்டால் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது. சில மருந்துக்கு ஒரு நாள், சிலவற்றுக்குப் பல நாள் ஆகும். இதை முதல் நாளே பெற்றோருக்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஒருமுறை சொல்லாமல் விட்டோம். 'நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டாங்க' என்று ஓர் அம்மா தெருவில் நின்று அழுதார். அவர் மேல் தவறே இல்லை.

ஃபிரேமைப் பிள்ளை எடுக்கட்டும்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். மொத்தமாக ஒரே கறுப்பு ஃபிரேமை வாங்கினால் மலிவு. ஆனால் அதைப் போட்ட பிள்ளையை ஊரே இலவசக் கண்ணாடி என்று அடையாளம் கண்டுகொள்ளும். ஆறேழு நிறம், மூன்று அளவு வாங்கி மேசையில் பரப்புங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்து, பிள்ளையே ஃபிரேமைப் போட்டுப் பார்த்து எடுக்கட்டும். கத்தரிப்பூ நிறம் எங்கள் ஊரில் முதலில் தீர்ந்துவிடும், கூடுதலாக வாங்குகிறோம். உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் மட்டுமே போடுங்கள், பிள்ளைகள் முகத்தில் கண்ணாடிச் சில்லு வேண்டாம். காதுக்குப் பின்னால் வளைவு சரியாக நிற்கிறதா என்று குனிந்து நிமிரச் சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடி கொடுக்க மேடை போடுவதை 2004இலிருந்து நிறுத்திவிட்டோம். சங்கத்தில் சண்டையே வந்தது. நன்கொடையாளருக்குப் படம் வேண்டாமா என்றார்கள். வாங்கும் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுத்தால் அந்தக் கண்ணாடி அவனுக்கு வெட்கமாகிவிடுகிறது. நான் நன்கொடையாளர்களுக்கு நோட்டின் பக்கத்தைப் பெயரை மறைத்துப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். எத்தனை பேர் இன்னும் போட்டிருக்கிறார்கள் என்கிற கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவர்கூடப் பணம் தராமல் போனதில்லை. வகுப்பறை ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கண்ணாடியை மாட்டி, அதே 6 மீட்டர் கோட்டில் நிற்கவைத்து மறுபடி படிக்கச் சொல்லுவோம். அப்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சிறுமி ஜன்னல் பக்கம் திரும்பி, 'வேப்பமரத்துல இலை தனித்தனியா இருக்கு தாத்தா' என்றாள்.

அம்மாக்களிடம் யார் பேசுவது

1917இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கியது அரிமா இயக்கம். கண் வேலை நம் கையில் வந்தது 1925இல். ஒஹையோவின் சீடார் பாயிண்டில் கூடிய மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெண் கேட்டு ஏற்றுக்கொண்ட பணி. ஆனாலும் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1987 வரை விதி இடம் கொடுக்கவில்லை. எங்கள் சங்கத்தில் முதல் இரண்டு பேர் சேர்ந்தது 2006இல். அதுவரை அம்மாக்களிடம் நாங்கள் ஆண்கள்தான் பேசினோம், தோற்றோம். 'பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடி மாட்டிவிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?' என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

சேர்ந்த இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பவர் கண்ணாடி போடுகிறவர். அவர் வீட்டுக்கே போவார், திண்ணையில் உட்காருவார், ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிப்பார். அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். பிள்ளையின் நோட்டை வாங்கி, கண்ணாடி போடுவதற்கு முன்னால் எழுதியதையும் போட்ட பிறகு எழுதியதையும் அம்மாவிடம் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அது புரிகிறது. உங்கள் சங்கத்தில் பெண் உறுப்பினர் இல்லையென்றால் முகாமுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். சோம்பேறிக் கண்ணை வேலை செய்யவைக்க நல்ல கண்ணுக்கு மறைப்பு ஒட்டவேண்டிய பிள்ளைக்கு இந்த உறவு இன்னும் அவசியம். நல்ல கண்ணை மூடினால் பிள்ளை அழும், அம்மா இரக்கப்பட்டுக் கழற்றிவிடுவார். யாராவது வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

கேலி செய்வதை நிறுத்த ஒரு வழி கண்டோம். கண்ணாடி போடுகிற ஆசிரியர் ஒருவரைக் காலைக் கூட்டத்தில் பேசச் சொல்வோம். பிள்ளைகள் பெயரை அவர் சொல்லவேண்டாம், தன் கண்ணைப் பற்றிச் சொன்னால் போதும்.

நோட்டும் பையும்

நோட்டில் கோடு போடும்போது கண்ணாடி கொடுத்த தேதியோடு நிறுத்தாதீர்கள். மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று இன்னும் இரண்டு பத்தி போடுங்கள். அதில் 'போட்டிருக்கிறான்', 'பையில் இருக்கிறது', 'வீட்டில்', 'உடைந்தது' என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். கடையில் சரக்கு எங்கே போனது என்று தெரியாமல் நாம் கணக்கை முடிப்பதில்லை. பன்னிரண்டாம் மாதம் பவர் மறுபடி பார்க்கவேண்டும், வளர்கிற பிள்ளைக்கு அது மாறும். பணம் ஒதுக்கும்போது மூன்றில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் இந்த இரண்டு வருகைக்காக வைத்துவிடுங்கள்.

போகும் நாளைப் பள்ளிக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டாம். சொன்னால் அன்று மட்டும் எல்லோரும் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் டிசம்பர் முதல் வாரம், அரையாண்டுத் தேர்வுக்கு முன் போகிறேன். தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் கடிகாரக்காரர் வைத்திருக்கும் சின்னத் திருப்புளி இரண்டு, ஒரு டப்பா நிறையத் திருகாணி, மூக்குப் பட்டை, கழுத்தில் மாட்டும் கயிறு, துடைக்கிற துணி, மூன்று அளவிலும் காலி ஃபிரேம்கள். சத்துணவுக் கூடத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கால் கழன்றது, மூக்கில் நிற்காதது, கீறல் விழுந்தது என்று ஒவ்வொன்றாக வரும். வராத பிள்ளைகளின் பெயரை நோட்டில் பார்த்து, அந்த வகுப்புக்கு நானே எழுந்து போவேன்.